செடிக்கு மட்டும் ஈரக்காற்று

1

எமிலி அக்கா இங்கிருந்து விமானம் ஏறி நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால் அந்தக் கார்டு செல்லாது. நாளைக்குள் அக்கா வரப்போவதில்லை. பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கியது, நாளை மறுநாள் வெறும் அட்டை.

இதை ஊருக்கு எழுதக் காரணம் இருக்கிறது. செம்பாக்கத்திலும் கிழக்குத் தாம்பரத்திலும் அக்காவிடம் படித்தவர்கள், அவள் கட்டிக்கொடுத்த பொக்கேயைப் பிடித்துக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று ஏகப்பட்ட பேர் இருக்கிறீர்கள். ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்று, "என்ன டீச்சர், அமெரிக்கா போய் அஞ்சே மாசத்துல திரும்பிட்டீங்க?" என்று கேட்கிறீர்களாம். "குளிர் ஒத்துக்கலைம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா செருப்பைத் தேடப் போய்விடுகிறாளாம். அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் பேச்சு. அதுக்கெல்லாம் கொடுத்து வெச்சிருக்கணும் என்று ஒருத்தர். தனியாவே இருந்து பழகினவ, நாலு பேரோட எப்படி ஒத்துப்போவா என்று இன்னொருத்தர். கல்யாணம் ஆகாதவளைப் பற்றிச் சொல்ல நம் கையில் எப்போதும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். என் சிநேகிதி ஒன்றுவிடாமல் எனக்கு எழுதிவிடுகிறாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அநியாயம்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர் காரணம் இல்லை. மினசோட்டா குளிரை அக்கா இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவும் போட்டுச் சமாளித்துவிட்டாள். அவளை இங்கே இருக்கவிடாமல் செய்தது நான். ஒரு செடியைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் செய்தேன்.

2

அம்மா இறந்தபோது எனக்குப் பத்து வயது, அக்காவுக்கு இருபத்திரண்டு. அப்பாவுக்கு ரயில்வேயில் ஷிஃப்ட் வேலை. அவர் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குகிற நேரம். எனக்கு எண்ணெய் தேய்த்ததும், பேன் பார்த்ததும், வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்ததும், பிரம்பால் ஒன்று போட்டதும் எல்லாம் அக்காதான். அவளைக் கேட்டு இரண்டு வரன்கள் வந்தன. "தங்கச்சி பத்தாவது முடிக்கட்டும்" என்றாள் முதல் தடவை. "அவ பி.எஸ்ஸி. முடிக்கட்டும்" என்றாள் இரண்டாவது தடவை. அதற்கப்புறம் யாரும் கேட்டு வரவில்லை.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் எங்கள் வீடு. பின்னால் கிணறு, அதையொட்டி குளியலறை, குளித்த தண்ணீர் ஓடுகிற சின்ன வாய்க்கால். எப்போதும் பாசி பிடித்துக் கிடக்கிற அந்தச் சுவரோரம் அக்கா இருபது முப்பது தொட்டிகளில் மெய்டன் ஹேர் ஃபெர்ன் வளர்த்தாள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: பூக்காது, காய்க்காது. கறுப்பு நூல் மாதிரி தண்டு, அதில் கொத்தமல்லி போல மெல்லிசான இலை. வெயில் பட்டால் கருகும், காற்று காய்ந்தால் சுருண்டுவிடும். மகா கோபக்காரச் செடி. ஆனால் எங்கள் வீட்டில் அது களை மாதிரி வளர்ந்தது. அக்கா அதற்கென்று தனியாக ஏதும் செய்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நாங்கள் குளித்தோம், துணி துவைத்தோம், அது பாட்டுக்கு வளர்ந்தது.

எல்லாம் பொக்கேக்காகத்தான். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மணப்பெண் கையில் பொக்கே இல்லாமல் முடியுமா? ரோஜாவை நடுவில் வைத்து, ஃபெர்ன் இலை முழங்கால் வரை தொங்குகிற மாதிரி அக்கா கட்டுவாள். கல்யாணத்தன்று தாம்பரத்தில் முதல் எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து பாரிமுனைப் பூக்கடைக்குப் போய், நியூஸ்பேப்பரில் சுற்றிய ரோஜாக்களோடு எட்டு மணிக்குள் திரும்பிவிடுவாள். நான் ஈரத்துணியில் ஃபெர்னைச் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். பிறகு கம்பி வெட்டிக் கொடுப்பது, ரிப்பன் பிடிப்பது. கட்டி முடிப்பதற்குள் அக்கா விரலை நாலைந்து தடவை வாயில் வைத்துச் சப்புவாள். "முள்ளு குத்திடுச்சு" என்பாள். உடனே அடுத்த ரோஜாவை எடுப்பாள். காசு வாங்கமாட்டாள், கல்யாணச் சாப்பாடு மட்டும்தான் கூலி.

என் கல்யாணத்துக்கு அவள் கட்டியதைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. "நெஞ்சுக்கு நேரா பிடிக்காதடி, முகம் மறையும். கொஞ்சம் இறக்கிப் பிடி" என்று சொல்லிக் கையில் கொடுத்தாள். மீனம்பாக்கத்தில் வழியனுப்பும்போது நான்தான் ஓவென்று அழுதேன், அவள் அழவில்லை. "உன்னையும் கூப்பிட்டுக்கிறேன்க்கா, சத்தியமா" என்றேன். "முதல்ல போய்ச் சேர்ந்து ஒரு லெட்டர் போடு" என்றாள்.

3

குடியுரிமை கிடைத்த கையோடு, எண்பத்திநாலில், அக்காவுக்கு மனு போட்டேன். இவர், அதாவது என் கணவர், ஃபாரம் நிரப்புவதில் கெட்டிக்காரர். அவரையே அது அழவைத்தது. அக்காவும் நானும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அக்காவின் ஞானஸ்நானச் சீட்டில் அம்மாவின் பெயர் ஞானம்மாள், என்னுடையதில் கிரேஸ். வீட்டில் கூப்பிடுகிற பெயரை ஒன்றிலும் சபைப் பெயரை இன்னொன்றிலும் எழுதிவைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு நிலக்காரர் வந்து உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா வெள்ளைக்காரனுக்கு? அதே மூக்கு, அதே வாய்த்துடுக்கு" என்று திட்டிக்கொண்டே போட்டாராம். அப்புறம் வரிசை. வருஷாவருஷம் உங்கள் மனு பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம். அதற்குள் அப்பா போய்விட்டார். எனக்கு ரேச்சல் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், தமிழை மறந்தும்விட்டாள்.

தொண்ணூற்றைந்தில் ஒருவழியாக விசா வரப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா பின்வாங்க ஆரம்பித்தாள். "ஐம்பது வயசுக்கு மேல என்னைப் பிடுங்கி அங்க நட்டா நான் பிழைப்பேனா சாந்தி?" என்று எழுதினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த வாரம்தான் இங்கே ஒரு நர்சரியில் சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் மெய்டன் ஹேர் ஃபெர்னைப் பார்த்தேன். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"இது இந்த ஊர் வீட்டுக்குள்ள தாங்காது. சீட்டுலயே போட்டிருக்கான் பார்" என்றார் இவர்.

"தாங்கும். தாங்க வைக்கிறேன்."

ஹாலில் ஜன்னலோரம் வைத்து, போட்டோ பிடித்து, பின்னால் எழுதி அனுப்பினேன்: "உன் செடியே இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. உனக்கென்ன?" அக்கா வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டாள். தொட்டிகளை வேலைக்கு வரும் கன்னியம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

அதிலிருந்து அந்தச் செடி எனக்குச் செடியாகவே இல்லை. அக்கா இங்கே வாழ்ந்துவிடுவாள் என்பதற்கு அதுதான் சாட்சி. சாட்சி செத்துப்போனால் வழக்கு தோற்றுவிடும். என் புத்தி அப்படித்தான் ஓடியது.

4

இங்கே அக்டோபரில் ஹீட்டரைப் போட்டால் ஏப்ரல் வரை ஓடும். வீட்டுக்குள் காற்று அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். கதவுக் குமிழைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும். குதிகால் வெடிக்கும். முதல் வருஷம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் வினை. எது பழகிவிட்டதோ அது புதிதாக வருகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தோன்றுவதே இல்லை.

செடிக்கு மட்டும் எல்லாம் தோன்றியது. லைப்ரரியிலிருந்து புத்தகம் எடுத்து வந்தேன். கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தொட்டி, ஆனால் தொட்டியின் அடி தண்ணீரில் படக்கூடாது. ஹீட்டர் காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. குழாய்த் தண்ணீர் உப்பு, ஆகவே கடையில் வாங்கிய தண்ணீர். மண் காயவும் கூடாது, ஊறி அழுகவும் கூடாது. காற்றின் ஈரத்தைக் காட்ட முள் வைத்த ஒரு டப்பா. வாரம் ஒருநாள் பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி பிடிக்கிற மாதிரி, உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவேன். அப்படியும் இலை நுனி பழுப்பாக ஆரம்பித்ததும், ஈரக்காற்று விடுகிற மெஷின் ஒன்று வாங்கி வந்தேன். ஹ்யூமிடிஃபையர் என்பார்கள். ராப்பகலாகப் புகை மாதிரி மெல்லிய ஈரத்தை ஊதிக்கொண்டிருக்கும். அதைச் செடிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன்.

அக்கா வந்திறங்கி, ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் நேரே செடியிடம்தான் போனாள். மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். தட்டு, கல், மெஷின் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஏண்டி, ஒரு ஃபெர்னுக்கு இம்புட்டு அமர்க்களமா?"

"இல்லேன்னா செத்துரும்க்கா."

"பாவம்" என்றாள். செடியைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா தெரியவில்லை.

குளிருமே என்று அவளுக்கு மாடியில் வீட்டிலேயே கதகதப்பான அறையைக் கொடுத்தேன். கட்டில் தலைமாட்டிலேயே ஹீட்டர் காற்று வருகிற துவாரம். அதை முழுசாகத் திறந்துவிட்டு, "இனிமே மார்கழி உன்னை ஒண்ணும் செய்யாது" என்று பெருமையாகச் சொன்னேன். செடியை எந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று புத்தகம் படித்தேனோ, அதற்குக் கீழேதான் அக்காவைப் படுக்கவைத்தேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் அறைக்குப் போனால், ஜன்னல் திரைக்கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடி வரை கயிறு கட்டி, ஈரப்புடவையைக் காயப்போட்டிருந்தாள். கட்டிலுக்குக் கீழே ஒரு எவர்சில்வர் பேசினில் தண்ணீர். எனக்கு வந்ததே கோபம்.

"என்னக்கா இது, செம்பாக்கம் கொல்லையா? டிரையர் இருக்குல்ல? கார்ப்பெட்டுல ஈரம் இறங்கினா நாத்தம் எடுக்கும். இது என்ன பேசினு, கால் பட்டுக் கவுந்தா?"

"இல்லடி, புடவை டிரையர்ல சுருங்கிடும்னு..."

"சுருங்கினா வேற வாங்கிக்கலாம்."

அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துவிட்டாள். என்னை வளர்த்தவளை நான் பள்ளிக்கூடப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரி திட்டினேன். அவளும் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரியே கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

ஒன்று சொல்லவேண்டும். ரேச்சலுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெண், மாடிக்குப் போய்ப் பெரியம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவாள். கையில் ரசம் ஊற்றிக் குடிக்கக் கற்றுக்கொண்டாள். "ஐயோ ஆண்டவரே" என்று அக்கா மாதிரியே சலித்துக்கொள்வாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

5

பிப்ரவரியில் இங்கே எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு கல்யாணம். யாரையும் கேட்காமல், "பொக்கே எங்கக்கா கட்டுவா. தாம்பரத்துல அவ பொக்கே இல்லாம கல்யாணமே கிடையாது" என்று அளந்துவிட்டு வந்தேன். அந்தக் குளிரில் நல்ல ரோஜா கிடைக்கவில்லை, வெள்ளைக் கார்னேஷன் பூதான் கிடைத்தது. ஃபெர்ன் என் செடியிலிருந்து. ஒரு கொத்து வெட்ட அக்கா கையை நீட்டும்போதெல்லாம் நான், "அது வேண்டாம்க்கா, இளசு. இது வேண்டாம்க்கா, அந்தப் பக்கம் மொட்டையாத் தெரியும்" என்று குறுக்கே விழுந்தேன். கடைசியில் நாலே இலை கிடைத்தது.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் கட்டினாள். நான் பழையபடி ரிப்பன் பிடித்தேன். கட்டி முடியும் நேரத்தில் வெள்ளை சாட்டின் ரிப்பன்மேல் சொட்டென்று ஒரு துளி ரத்தம். இன்னொரு துளி கார்னேஷன்மேல். அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

"முள்ளு குத்திடுச்சு" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

"ஐயையோ, ரிப்பன் போச்சே!" என்றேன் நான்.

ஆமாம், அதைத்தான் சொன்னேன். ரிப்பன் போச்சே என்றுதான் என் வாயில் வந்தது. அவள் குளியலறைக்கு ஓடினாள். நான் வேறு ரிப்பன் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தேன். கார்னேஷனுக்கு ஏது முள்? பத்து வயதிலிருந்து பொக்கேக்கு எடுபிடி செய்தவளுக்கு அது தோன்றவேண்டாமா? பாவம், அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவசரத்தில் வாயில் வந்தது தாம்பரத்துப் பேச்சு. முப்பது வருஷம் அவள் நிஜமாகவே சொன்ன வார்த்தை. நான் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், அதனாலேயே நம்பிவிட்டேன்.

பொக்கேயை எல்லோரும் புகழ்ந்தார்கள். புகழ்ச்சியை நான்தான் வாங்கிக்கொண்டேன்.

6

மார்ச்சில் அக்கா, "ஒரு மாசம் போய் வீட்டைப் பார்த்துட்டு வந்துடறேன். கன்னியம்மா ஏதோ ஓடு உடைஞ்சிருக்குன்னு எழுதச் சொல்லியிருக்கா" என்றாள். அது சாக்கு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நான் ஒப்புக்குத் தடுத்தேன், அவள் ஒப்புக்குச் சமாதானம் சொன்னாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஒரு ஆளைச் சந்தோஷமாக வைத்திருக்கிறோமா என்று ராத்திரி பகலாகக் கவலைப்படுவதும் ஒரு பாரம்தான். அக்காவிடம் பட்ட கடனைத் தீர்க்கிற முயற்சியில் அக்காவையே பாரமாக நினைத்துவிட்டேன்.

ஒரு மாசம் மூன்றாயிற்று, மூன்று ஆறாயிற்று. பிறகு, "இனிமே நான் வரலைடி, நீ வருத்தப்படாதே" என்று ஒரு ஏர்மெயில் தாள் முழுக்க எழுதியிருந்தாள். வருத்தம் எங்கே பட்டேன், கோபம்தான் பட்டேன். இவ்வளவு செய்தும் இவளுக்கு இருக்கத் தெரியவில்லையே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன்.

செடி இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் குளிருக்கும் தாங்கிவிட்டது.

7

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபைக்காரர்கள் இரண்டு குடும்பம் சாப்பிட வந்திருந்தார்கள். செடியைப் பார்த்து ஆஹா ஓஹோ என்றார்கள். நான் மெஷின், கூழாங்கல் என்று சொற்பொழிவு ஆற்றிவிட்டு, "இந்தச் செடிகூட அட்ஜஸ்ட் பண்ணிக்கிச்சு, எங்கக்காதான் பண்ணிக்கலை" என்றேன்.

தட்டை வைத்துவிட்டு ரேச்சல் எழுந்தாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், எல்லோர் முன்னாலும். "பெரியம்மாவுக்குத் தினமும் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, அம்மா. தலையணை உறையெல்லாம் ரத்தம். நானும் அவங்களும் நீ வேலைக்குப் போனப்புறம் உப்புத் தண்ணியில துவைப்போம். உதடு வெடிச்சு அவங்களால சிரிக்கக்கூட முடியலை. அதுக்குத்தான் அந்த ஈரப்புடவை, அந்தத் தண்ணி பேசின். உனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விருந்தாளிகள் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள். இவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், யாரும் கேட்காமலே.

அப்போதுதான் அந்தக் கார்னேஷன் எனக்கு ஞாபகம் வந்தது. கைகழுவுகிற இடத்தில் நின்றபடியே அழுதேன்.

அப்படி அழுதவள் அத்தோடு திருந்தினேனா? இல்லை. அடுத்த நாள் ரேச்சலைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? அத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கத் தெரிந்தவளுக்கு, அன்றைக்கே தனியாக வந்து சொல்லத் தெரியாதா? "ப்ராமிஸ் பண்ணியிருந்தேன்" என்றாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கல்லுளிமங்கி. ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது பெரிய தண்டனையாகத் தெரிந்த மாதிரியும் இல்லை. இந்த நாட்டில் பிள்ளைகள் ஒரு வயசுக்கு மேல் இப்படித்தான் விலகிப்போய்விடுகிறார்கள், ரேச்சல் போன வருஷத்திலிருந்தே அப்படித்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

8

இதுவரை எழுதியதை நேற்றே மடித்து உறையில் வைத்துவிட்டேன். பாவமன்னிப்புக் கேட்டு முடித்த மாதிரி இருந்தது. இன்று காலை ரேச்சல் பஸ் ஏறியதும், கடைசி நாளாயிற்றே, அக்காவிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று போன் போட்டேன். அங்கே அப்போது சாயங்காலம் தாண்டியிருக்கும். கன்னியம்மாதான் எடுத்தாள்.

"யாரு, அமெரிக்கா அம்மாவா? இன்னாம்மா, நல்லாக்கீறியா? அக்கா பின்னால கீது, செடிக்குத் தண்ணி ஊத்திகினு கீது. இரு, இட்டாறேன்."

அக்கா வந்தாள். ரேச்சல் சொன்னதையெல்லாம் நான் சொன்னேன். ஈரப்புடவைக்குத் திட்டியதைச் சொன்னேன். ரிப்பனைச் சொன்னேன். அழுதேன்.

"அதெல்லாம் எதுக்குடி இப்போ. இங்க வந்து நாலே நாள்ல சரியாப்போச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதாக்கா? சொல்லியிருந்தா அந்த நிமிஷமே மெஷினைத் தூக்கி உன் ரூம்ல வெச்சிருப்பேனே. செடி செத்தா மயிரேபோச்சுன்னு விட்டிருப்பேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு நானே தொடர்ந்தேன்.

"நீதான் சொல்லலை, இந்தப் பொண்ணாவது சொல்லியிருக்கலாம். எல்லாம் தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்திருக்கா பாரு. அவ மட்டும் அப்பவே சொல்லியிருந்தா நீ இன்னிக்கு இங்க இருந்திருப்பே. அவளாலதான்..."

"சாந்தி, நிறுத்து."

எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த குரல் அது. நிறுத்தினேன்.

"என்னைச் சொல்லு, பொறுத்துக்கிறேன். அந்தக் குழந்தையைச் சொல்லாதே. ஜனவரியில ஒரு நாள் எனக்கு ரொம்ப முடியலை. மெஷினை நானே தூக்கிட்டுப் போய் மாடியில வெச்சுக்கிட்டுப் படுத்தேன். அப்படியே கண் அசந்துட்டேன். காலையில நீ செடியைப் பார்த்துட்டு, இலையெல்லாம் சுருண்டுபோச்சுன்னு வீட்டையே ரெண்டாக்கினே. மெஷினை யாரு எடுத்ததுன்னு கத்தினே. நான் மாடிப்படியில பாதி இறங்கிட்டேன், சொல்லிடத்தான் வந்தேன். அதுக்குள்ள உன் மக முந்திக்கிட்டா. நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டா."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"பளார்னு ஒண்ணு விட்டியே" என்றாள் அக்கா. "அவ அழலை. என்னை அண்ணாந்து பார்த்து, சொல்லாதேன்னு தலையை ஆட்டினா. எனக்கும் அப்போ வாய் வரலை சாந்தி, ஆண்டவர்தான் என்னை மன்னிக்கணும். அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். எனக்காக ஒரு குழந்தை அடி வாங்குற வீட்டுல நான் இருக்கக்கூடாதுன்னு."

போனை வைத்தபிறகு இவர் ஆபீஸிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. உறையைப் பிரித்து இதையும் எழுதிச் சேர்த்துவிட்டேன். மணி மூன்று இருபது. ரேச்சலின் பஸ் மூன்றரைக்கு வரும். அவளிடம் தமிழில் ஆரம்பிப்பதா, இங்கிலீஷில் ஆரம்பிப்பதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.